பச்சைச் சட்டைக்காரருக்கு முடிந்த காசு

திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் போய் ஐஸ் பூரணி வீடு எது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் கையை நீட்டிக் காட்டும். குளிர்ந்த சுபாவத்துக்காக வந்த பெயர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த மனுசிக்குக் கோபம் மூக்கு நுனியில். துறைமுகப் பக்கத்து ஐஸ் ஆலையில், கம்பிவலை அடித்த சின்ன ஜன்னலுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு, கடலுக்கு வெளிக்கிடும் வள்ளங்களுக்கு ஐஸ் கட்டி எடுக்கத் துண்டு எழுதிக் கொடுப்பது அவளுடைய உத்தியோகம். பெயர் அதனால் வந்தது.

நேவி மீன்பிடிக்கக் கடலைத் திறந்துவிட்டால் ஆலைக்கு வேலை. மூடிவிட்டால் கட்டிகள் கரைந்து வாய்க்காலில் ஓடும். பூரணி பின்னல் ஊசியோடு சும்மா இருப்பாள். சமாதான காலம் என்று பேர் வைத்த அந்த வருஷங்களில் கடல் அநேகமாகத் திறந்துதான் கிடந்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஆட்கள் வந்து, ஜன்னலடியில் நின்று, ஐஸ் வாங்குகிற சாட்டில் ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஜன்னலில் இருந்தபடியே அவள் கடலைப் பற்றி ஒரு விஷயம் படித்திருந்தாள். நிறைந்த வள்ளம் முதலில் கரைக்கு வரும். மீன் விழுந்தவன் நேரத்தோடு திரும்பிவிடுவான். வெறுங்கையோடு இருப்பவன்தான் இன்னொருக்கால் வலையைப் போட்டுப் பார்ப்போம், இன்னொருக்கால் பார்ப்போம் என்று கடலிலேயே கிடப்பான். கடலுக்கு இது சரியான கணக்கு. பூரணி அதைக் கொண்டுபோய் றக்பிக்கும் போட்டதுதான் இந்தக் கதை.

றக்பிக்கும் ஐஸ் பூரணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் அவளுடைய புருஷன்.

குணரத்தினம் கல்யாணம் கட்டும்போது நகரத்தில் ஒரு இரும்புக்கடையில் நின்றவர். நல்ல மனுஷன், ஆனால் தன் இடுப்புச் சாரத்தைத் தானே ஒருநாளும் தோய்த்தறியாத ஆள். கழற்றிய இடத்தில் அது வட்டமாகக் கிடக்கும். கல்யாணம் முடிந்து நாலு மாதத்தில் ஆமிக்காரர் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். விட்டபோது ஆள் பாதியாகத்தான் வந்தார். இனி இங்கே வைத்திருக்க ஏலாது என்று பூரணியே தன் தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் கழற்றிக் கொடுத்து ஏஜென்சிக்காரனோடு அனுப்பிவைத்தாள். அவர் எங்கெங்கோ அலைந்து, பிரான்சின் தெற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் போய் நின்றார். அந்த ஊரின் பெயரைப் பூரணியால் கடைசிவரை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

அங்கே ஒரு றக்பிக் கழகம். பச்சைச் சட்டை. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு முதலாளி அதை நடத்தினார். விளையாட்டுக்காரரின் சட்டை, காற்சட்டை, காலுறை எல்லாம் தோய்த்து, காயவைத்து, மடித்து, ஆட்டத்தன்று ஒவ்வொருவரின் ஆணியிலும் கொளுவி வைப்பது குணரத்தினத்தின் வேலை. "என்ர வீட்டில ஒரு துவாய் பிழியாத மனுசன், அங்க தடியன்மாருக்கு உடுப்புத் தோய்க்குது" என்று பூரணி சிரிப்பாள். சிரித்து முடிய அழுகை வரும். வெளியே காட்டமாட்டாள்.

அவளை அங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பம் திரும்பித் திரும்பி வந்தது. அவருக்கோ இங்கே வந்துபோக நிரந்தர விசா கிடைக்க ஒன்பதாவது வருஷம் ஆயிற்று. இப்போது பூரணிக்கு முப்பத்தெட்டு. நாலு மாதக் குடித்தனமும் ஒன்பது வருஷத் தொலைபேசியும்தான் அவளுடைய கல்யாண வாழ்க்கை. அவளுக்குப் புருஷன் வேண்டும், ஒரு பிள்ளை வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஊரில் எல்லோரும் இதைத்தான் கதைத்தார்கள். அவள் முன்னால் மட்டும் கதைக்கவில்லை.

தொலைபேசி என்றால், கடைத்தெருவுக்குப் பின் ஒழுங்கையில் பரீதா நடத்திய கொமினிகேசன் கடை. இரண்டு தொலைபேசிப் பெட்டி, ஒரு போட்டோக் கொப்பி மெஷின், ஒரு கொம்பியூட்டர். பரீதா பூரணியைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் அக்கா முறையில் ராத்தா, கலகலத்த மனுசி, புருஷன் கட்டாரில். கடல் தாண்டிய புருஷன்மார் உள்ள இரண்டு பெண்களுக்குள் சினேகம் வரக் காரணமா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பூரணி அங்கே போய் இருப்பாள். பிரான்சிலிருந்து மணி அடிக்கும்.

அந்தப் புரட்டாதியில் அடித்தபோது குணரத்தினத்தின் குரலில் ஒரு அவசரம்.

"பூரணி, வாறதுக்கு வழி பிறந்திட்டுது. மூண்டு மாசம் லீவு தாறன் எண்டு முதலாளி சொல்லிப்போட்டார்."

"எப்ப?"

"இந்த முறை எங்கட கிளப் ஐரோப்பாக் கோப்பையில விளையாடுது. இங்கிலாந்து, அயர்லாந்து, இத்தாலி எல்லா இடத்துக் கிளப்புகளும் வருகினம். உள்ளூர்ப் போட்டியளுக்குத் தோய்க்க இஞ்ச ஒரு வயசான மனுசன் போதும். கோப்பைக்குத்தான் ரெண்டு பேர் வேணும். கோப்பையில எங்கட வேலை முடிஞ்ச உடன நான் வெளிக்கிடலாம்."

"அது எப்ப முடியும்?"

"அது எங்கட ஆக்கள் விளையாடுற விளையாட்டில இருக்கு."

இந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. எங்கட ஆக்கள் நன்றாக விளையாடினால் வேலை சட்டுப்புட்டென்று முடியும். நிறைந்த வள்ளம் முதலில் கரைக்கு வரும். பூரணிக்கு இதில் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவரிடமும் கேட்கவும் இல்லை.

விஜயதசமி அன்று முழுகி, காளி கோயிலுக்குப் போனாள். ஒரு ரூபாய்க் காசுக் குற்றியை மஞ்சள் துணியில் வைத்து முடிந்தாள். "அம்மாளே, பச்சைச் சட்டைக்காரர் வெல்லவேணும். ஒண்டும் விடாமல் வெல்லவேணும். என்ர மனுசன் வந்து சேர்ந்தால் மடிப்பிச்சை எடுத்து உனக்குப் பொங்குவன்" என்று நேர்த்தி வைத்தாள். வீட்டுக்கு வந்து அந்த முடிப்பைச் சாமித் தட்டில் காளி படத்தின் முன்னால் வைத்தாள். ஆனையிறவு, கிளிநொச்சிச் சண்டைகளுக்கு வைத்த நேர்த்தியெல்லாம் கேட்ட காளிக்கு, பிரான்சில் நடக்கும் பந்து விளையாட்டு புதிசாகத்தான் இருந்திருக்கும்.

முதல் ஆட்டத்தில் பச்சை வென்றது. பரீதா கொம்பியூட்டரில் தேடி எடுத்துச் சொன்னாள்.

"புள்ள, ஒங்கட ஆக்கள் வெண்டுட்டாங்க. இந்தா படமும் போட்டிரிக்கி."

இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துப் படத்தைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் தடித்த ஆட்கள் தோளோடு தோள் கோர்த்து, குனிந்து, தலையைத் தலையோடு முட்டி நின்றார்கள்.

"என்ன, சண்டை பிடிக்கிறாங்களா?"

"இல்ல ராத்தா, வள்ளம் தள்ளுற மாதிரியெல்லே கிடக்கு."

"வள்ளத்தக் காணல்லியே."

பூரணி ஆட்களைப் பார்க்கவில்லை. அந்தச் சட்டைகளில் இருந்த சேற்றைப் பார்த்தாள். முதுகு, முழங்கால், கழுத்து எல்லாம் சேறு. இவ்வளவையும் அவர் கையால் எடுக்கவேணுமே என்று நினைத்தாள்.

அடுத்தடுத்த ஆட்டங்களிலும் பச்சை வென்றது. ஐஸ் ஆலை முழுக்க இந்தக் கதை பரவிவிட்டது. திங்கட்கிழமை விடிந்தால் கிண்ணியா அலியார் ஜன்னலடிக்கு வருவார். மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா, தாடியைத் தடவிக்கொண்டு பெரிய மனுஷத் தோரணையில் கேட்பார்.

"என்ன தங்கச்சி, ஒங்கட வள்ளம் எப்படி?"

"நிறைஞ்சுகொண்டு வருது, நானா."

"அப்ப மாப்புள நேரத்தோட வந்திருவாரு."

இடையில் ஒரு ஆட்டத்தில் அயர்லாந்துக்காரரின் மண்ணில் போய்ப் பச்சை தோற்றது. பூரணி காளியோடு கோபித்துக்கொண்டு ஒரு கிழமை விளக்கு வைக்கவில்லை. "கேட்டது ஒண்டே ஒண்டு, அதையும் அரைகுறையாச் செய்யிறாய்" என்று படத்துக்கு முன்னால் நின்று ஏசினாள். பிறகு மனம் கேட்காமல் இரட்டைத் திரி போட்டு ஏற்றினாள்.

அந்த மார்கழி கடைசியிலிருந்தே ஊர் சரியில்லை. தை பிறக்கக் கடற்கரையில் ஐந்து மாணவருக்கு நடந்தது திருகோணமலையில் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. சந்திக்குச் சந்தி திரும்பவும் ஆமிக்காரர் மண்மூட்டைகள் அடுக்கினார்கள். சனம் பொழுதுபடமுன் கதவைச் சாத்தப் பழகிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பூரணி கொமினிகேசனுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

தை மாதம் பாதியில் மணி அடித்தது. குணரத்தினம் மூச்சுவாங்கச் சிரித்துக்கொண்டு கதைத்தார்.

"பூரணி, நம்பமாட்டீர்! எங்கட குழுவில நாங்கள்தான் முதலாவது. காலிறுதிக்கு வந்திட்டம்! இந்தச் சின்னக் கிளப் இவ்வளவு தூரம் வரும் எண்டு ஒருத்தரும் நினைக்கேல்ல."

"நல்லது. அப்ப வேலை முடிஞ்சுது. தைப்பூசத்துக்கு நிப்பியளோ?"



"அதுதான் பூரணி... தோத்திருந்தா வாற கிழமை வெளிக்கிட்டிருப்பன். இப்ப காலிறுதி பங்குனிக் கடைசியிலதான். அது மட்டும் நிக்கவேணும்."

"என்ன சொல்லுறியள்? தோத்தா வரலாமோ?"

"ஓம். தோக்கிறவன்தானே வீட்டை போறது. வெல்லுறவன் தொடர்ந்து விளையாடவெல்லே வேணும்."

பூரணி றிசீவரைக் காதிலிருந்து இறக்கினாள். அவர் இரண்டு தரம் ஹலோ சொல்லி, லைன் போய்விட்டதென்று நினைத்து வைத்துவிட்டார். அவள் பெட்டியிலிருந்து வெளியே வந்து பரீதாவுக்கு முன்னால் பொத்தென்று இருந்தாள்.

"ராத்தா, என்ர தலையில நானே மண்ணள்ளிப் போட்டிட்டன்."

விஷயத்தைக் கேட்டதும் பரீதாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். பூரணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழும்பிப் போய் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஒங்கட அம்மனுல பிழை இல்ல புள்ள. கேட்டதத் தானே குடுத்தா."

"அதுதான் ராத்தா எனக்கு விசர் வருது."

அலியாரிடமும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார். "கடல்ல நெறஞ்சவன் வாறான், அங்க வெறுங்கையன் வாறான். வெள்ளக்காரன்ட சட்டமே தலகீழ்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஐஸ் துண்டை வாங்கிக்கொண்டு போனார்.

பூரணி சும்மா இருக்கிற ஆள் இல்லை. முடிப்பை எடுத்துக்கொண்டு காளி கோயில் ஐயரிடம் போனாள். நேர்த்தியை மாற்றி வைக்க வழியுண்டோ என்று கேட்டாள்.

"முடிஞ்ச காசை இடையில அவிழ்க்கேலாது பிள்ளை" என்றார் ஐயர். "வைச்ச நேர்த்தியைத் திருப்பிக் குடுத்து வேற வாங்க அம்மாள் என்ன சீலைக்கடையோ நடத்துறா? நேர்த்தி வைக்கேக்கை யோசிச்சு வைக்கவேணும்."

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். பூரணி வாசலில் நின்று யோசித்தாள். தாயிடம் ஒன்று கேட்டு வைத்துவிட்டு, பிள்ளையிடம் அதற்கு மாறாகக் கேட்பது முறையா? பிறகு, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போய்த் தேங்காய் உடைத்தாள். "அப்பனே, பச்சைச் சட்டைக்காரர் காலிறுதியில தோக்கவேணும். ஒருத்தருக்கும் கை கால் முறியாமல் தோக்கவேணும்." மாசி முழுக்க, பங்குனி முழுக்க, வெள்ளிக்குவெள்ளி தேங்காய். சந்தையில் தேங்காய்க்காரி, "என்ன பூரணி, குசினியில கறியே வைக்கிறேல்லையோ, எல்லாம் கோயிலுக்கே?" என்று கேட்கிற அளவுக்குப் போயிற்று.

சித்திரை பிறக்கக் கொஞ்ச நாள் முன்னம் காலிறுதி. பச்சை வென்றது. கடைசி நிமிஷத்தில் ஒருவன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்ததாம். தாய் வென்றாள், பிள்ளை தோற்றான்.

அன்றைக்குக் குணரத்தினம் எடுத்த தொலைபேசியைப் பூரணி பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தாள். அவர் சிரித்துச் சிரித்துத்தான் கதைத்தார்.

"பூரணி, ஆட்டம் முடிய எல்லாரையும் நிப்பாட்டிப் படம் எடுத்தவை. நான் உடுப்புக் கூடையோட ஒரு ஓரமாப் போனனான். அந்தத் தலைவர்ப் பொடியன் ஓடிவந்து என்னைத் தூக்கி, அப்படியே தூக்கி, நடுவில கொண்டு போய் நிப்பாட்டினான். 'சுத்தமான சட்டை போட்டால்தான் எங்களுக்கு வெல்ல மனம் வரும், அது இந்த மனுசன்ர வேலை' எண்டு பேப்பர்காரருக்குச் சொன்னான். எல்லாரும் கை தட்டினவை, பூரணி."

"அப்பிடியோ" என்றாள்.

"நீர் சந்தோசமா இல்லையோ?"

"சந்தோசம்தான்."

அந்தச் சிரிப்பை அவள் நாலு மாதக் குடித்தனத்தில் கேட்டிருக்கிறாள். பிடித்துக்கொண்டு போய் விட்ட நாளிலிருந்து கேட்கவில்லை. ஒரு மனுஷனுக்கு ஒன்பது வருஷத்தில் கிடைத்த முதல் சந்தோஷத்துக்கு எதிராக, தான் வெள்ளிக்குவெள்ளி தேங்காய் உடைத்திருக்கிறாள். பூரணிக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம், முன்பின் தெரியாத அந்தத் தலைவர்ப் பொடியன்மேல் எரிச்சலாகவும் இருந்தது. தன் புருஷனைத் தூக்க அவனுக்குக் கை இருக்கிறது, தனக்கு வாசலில் நின்று வழி பார்க்கத்தான் கண் இருக்கிறது. அந்தக் கிழமை அவள் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை.

வருஷப்பிறப்புக்கு இரண்டு நாள் இருக்கச் சந்தையில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கும்பல் கும்பலாக வந்து கடைகளை எரித்தார்கள். ஐஸ் ஆலையில் இருந்தவர்கள் புகையைத்தான் முதலில் கண்டார்கள். பூரணி கடற்கரைப் பக்கமாகச் சுற்றி, நடந்தே வீட்டுக்குப் போனாள். பாலையூற்றுச் சனம் பாதி பள்ளிக்கூடத்துக்கும் மாதா கோயிலுக்கும் போயிருந்தது. அவளும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு போனாள். போகுமுன் சாமித் தட்டிலிருந்த முடிப்பை எடுத்துச் சீலைத் தலைப்பில் செருகிக்கொண்டாள்.

தேங்காய்க்காரி சந்தையிலிருந்து திரும்பி வரவில்லை என்று அங்கேதான் கேள்விப்பட்டாள்.

பள்ளிக்கூடத்து மர வாங்கு ஒன்றில் சாய்ந்துகொண்டு பூரணி யோசித்தாள். காலிறுதியில் தோற்றிருந்தால் அவர் வந்திருப்பார். வருஷத்துக்குச் சாமான் வாங்கவென்று பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குத்தான் முதலில் போயிருப்பார்; அவருக்குச் சந்தை என்றால் பைத்தியம்.  தலைப்பிலிருந்த முடிப்பைத் தடவினாள். ஒன்பது வருஷமாக ஒருவரை வா வா என்று இழுத்தவள், முதல் தடவையாக, அவர் அங்கேயே நிற்கட்டும் என்று நினைத்தாள். "அம்மாளே, வெல்லட்டும். அரையிறுதியும் வெல்லட்டும், கோப்பையும் எடுக்கட்டும். அதுக்கு மேலேயும் ஏதும் கோப்பை இருந்தால் அதையும் எடுக்கட்டும்." விஜயதசமி அன்று விளங்காமல் கேட்டதை இப்போது விளங்கிக் கேட்டாள். தனக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது என்பதும் அவளுக்கு நினைவில்தான் இருந்தது.

பரீதாவின் கொமினிகேசன் ஒழுங்கைக்குள் இருந்ததால் தப்பிவிட்டது. ஆனால் லைன் இல்லை. பலகை போட்டு மூடிக் கிடந்தது. அரையிறுதி நடந்த நாள் என்ன ஆயிற்று என்று அறிய வழியில்லை. ஐஸ் ஆலையும் மூடியாயிற்று. நேவி கடலைத் திறக்கவில்லை. அலியார் எங்கே என்றும் தெரியாது.

ஊரடங்கு தளர்ந்த ஒரு நாள் பரீதா ஆள் அனுப்பினாள். லைன் வந்துவிட்டது, பிரான்சிலிருந்து இடைவிடாமல் அடிக்கிறது, உடனே வரட்டாம். பூரணி ஓட்டமும் நடையுமாகப் போனாள். அரைக் கதவு திறந்திருந்தது. பரீதா அவளைக் கண்டதும் கட்டிப்பிடித்துவிட்டுப் பெட்டிக்குள் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

"பூரணி! உயிரோட இருக்கிறீரோ? என்ர கடவுளே. எத்தினை நாளா அடிக்கிறன்!"

"இருக்கிறன். ஒண்டுமில்லை எனக்கு. அங்க என்ன மாதிரி? வெண்டதோ?"

"தோத்திட்டம்" என்றார் குணரத்தினம். "நல்லாத் தோத்திட்டம். மழை. ஒரு சட்டையிலயும் பச்சை நிறமே தெரியேல்ல. எல்லாத்தையும் தோய்ச்சுக் காயப்போட்டிட்டு முதலாளியிட்டை போனனான். டிக்கெட் போட்டாச்சு. வாறன்."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஒன்பது வருஷம் அந்தப் பெட்டிக்குள் வந்து நின்றாள். இப்போது அதைக் கேட்டதும் றிசீவரை வாயோடு நெருக்கிப் பிடித்தாள்.

"வராதேங்கோ."

"என்ன?"

"வராதேங்கோ எண்டு சொல்லுறன். இஞ்ச நிலைமை தெரியாதோ உங்களுக்கு? டிக்கெட்டை மாத்துங்கோ. அடுத்த வருசம் பாப்பம்."

"நிலைமை ரீவியில பாத்தனான். அதுதான் வாறன்."

"உங்களுக்கென்ன விசரோ? நான் சொல்லுறதைக் கேளுங்கோ."



"பூரணி, இஞ்ச ஒரே ஒரு சட்டம்தான். தோத்தவன் வீட்டை போகலாம். நான் தோத்திட்டன். இனி என்னை ஒருத்தரும் மறிக்கேலாது, நீரும் மறிக்கேலாது."

பூரணி றிசீவரை வைத்துவிட்டு, பரீதாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அன்றைக்கு வெளிப்படையாகவே அழுதாள். பரீதாவும் அழுதாள். யார் எதற்கு அழுகிறோம் என்று இரண்டு பேருக்கும் சரியாக விளங்கவில்லை.

வைகாசியில் குணரத்தினம் வந்தார். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் ஒவ்வொரு ஆமித் தடையிலும் இறங்கி ஏறி, அடையாள அட்டையையும் பிரான்ஸ் அட்டையையும் மாறி மாறிக் காட்டி, களைத்துப்போய் வந்து படலையில் நின்றார். தலை நரைத்திருந்தது. கைகள் மட்டும் சவர்க்காரத்தில் ஊறி வெள்ளையாகவும் மெதுவாகவும் இருந்தன. பூரணி பல நாளாகக் கதை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தாள். "பஸ்ஸில சாப்பிட்டியளோ?" என்றுதான் கேட்டாள்.

அடுத்த நாள் விடியக் கிணற்றடியில் சத்தம் கேட்டு எழும்பினாள். குணரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அவளுடைய சீலைகள், பாவாடைகள், வேலைச் சட்டைகள் எல்லாம் நிறம் பிரித்துத் தனித்தனிக் குவியலாகக் கிடந்தன. ஒன்றைக் கழுத்துப் பக்கமாகப் பிடித்து நுரை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ, வையுங்கோ அதை. அயல் சனம் பாக்கப்போகுது."

"பாக்கட்டும். அங்க முப்பதாயிரம் பேர் பாத்தவை."

"உங்களையோ பாத்தவை?"

"நான் தோய்ச்ச சட்டையைப் பாத்தவை" என்றார்.

பூரணி வாளியை எடுத்துத் தண்ணீர் அள்ளி ஊற்றத் தொடங்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மடிப்பிச்சைக்கு வெளிக்கிட்டாள். சீலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு அயல் வீடுகளுக்குப் போனாள். ஆளுக்கொரு சுண்டு அரிசி போட்டார்கள். பரீதா தன் கடை வாசலில் நின்று, "எங்கட வீட்டு அரிசி ஒங்கட அம்மனுக்கு ஆகுமா புள்ள?" என்று கேட்டாள். "உங்கட அரிசி இல்லாமல் பொங்கினால் அம்மாள் ஏசுவா ராத்தா" என்று பூரணி மடியை நீட்டினாள். பரீதா இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.

காளி கோயில் வீதியில் கல் வைத்துப் பொங்கினார்கள். பானை பொங்கி வரும்போது குணரத்தினம் தட்டிலிருந்த மஞ்சள் முடிப்பைக் கண்டார்.

"இது என்ன?"

பூரணி சொன்னாள். நிறைந்த வள்ளத்தின் கணக்கிலிருந்து, விளக்கு வைக்காத கிழமைவரை. குணரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப காலிறுதிக்கு எங்களைக் கொண்டுபோனது நீர்தானோ! எங்கட கோச்சருக்குச் சொல்லவேணும்."

"காலிறுதிக்கு நான் தோக்கச் சொல்லிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சனான்."

அவருக்கு இன்னும் சிரிப்பு. கண்ணீர் வழிந்தது. துவாயால் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப அரையிறுதிக்கு? அதுக்கும் தோக்கத்தானே கேட்டீர்?"

பூரணி அடுப்புக்குள் ஒரு கொள்ளியைத் தள்ளினாள்.

"இல்லை. அதுக்கு வெல்லத்தான் கேட்டனான். மனசாரக் கேட்டனான். நீங்கள் வரக்கூடாது எண்டு."

குணரத்தினத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. புகை கண்ணில் பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கிட்ட வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கிப் பொங்கலைக் கிண்டினார்.

ஐயர் கற்பூரத் தட்டோடு வந்தார். முடிப்பைக் கண்டதும் அவருக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது.

"என்ன பிள்ளை, நேர்த்தி நிறைவேறிச்சுதோ? காசை அவிழ்க்கலாமோ?"

"இல்லை ஐயா" என்றாள் பூரணி. "நான் கேட்டதை அம்மாள் தரேல்ல. அதுக்குத்தான் பொங்கல்."

ஐயர் அவளைப் பார்த்தார், பக்கத்தில் அகப்பையோடு இருந்த மனுஷனையும் பார்த்தார். தட்டை நீட்டினார். பூரணி முடிச்சை அவிழ்த்து, குற்றியை அதில் வைத்தாள்.